பூச்சியம் போடு எண்டு சொல்லுறம், ஏன் எண்டு சொல்லுறமோ?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் ரீச்சர் இல்லை, பயிற்சிக் கல்லூரிப் பக்கம் போனதும் இல்லை. மாங்குளத்துக்கு உள்ளுக்க ஒரு ஊரில பின்னேரத்தில அக்காவின்ர மகனையும் பக்கத்து வளவுப் பிள்ளையள் ஆறேழு பேரையும் விறாந்தையில இருத்தி கணக்குச் சொல்லிக்குடுக்கிறன், காசு வாங்கிறேல்லை, முருங்கைக்காய் கொண்டுவந்தா வேண்டாம் எண்டும் சொல்லுறேல்லை.

போன கிழமை பெறாமகன் ரியூசன் கொப்பியோட மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதினை வருது எண்டு ஒரே நாளில 20 ரெண்டு இலக்கப் பெருக்கல் குடுத்திருக்கினம், எல்லாத்துக்கும் சிவப்புப் புள்ளடி, கீழ "கவனம் போதாது" எண்டு எழுதிக்கிடக்கு. நான் இருந்து ஒவ்வொண்டாப் பாத்தன். வாய்ப்பாடு ஒரு இடத்திலயும் பிழைக்கேல்லை, கூட்டலும் சரி, ஆனா 20 கணக்கிலயும் ஒரே பிழை, ரெண்டாவது வரியை ஒரு இடம் இடப்பக்கம் தள்ளி எழுதேல்லை. 20 தரம் ஒரே மாதிரிப் பிழை விடுறதுக்கு நல்ல கவனம் வேணும் ஐயா. ஏனடா எண்டு கேட்டன். பள்ளிக்கூடத்தில அந்த வரியின்ர கடைசி இடத்தில புள்ளடி போடச் சொன்னவை, ரியூசனில பூச்சியம் போடச் சொல்லீனம், எது சரி எண்டு தெரியேல்லை, ரெண்டையும் விட்டிட்டன் எண்டான். இதில அவன்ர பிழை எங்க இருக்கு?

நான் கொப்பியை மூடிப்போட்டு நெல்லுக் கதையைத் தொடங்கினன். 34 மூட்டை, ஒரு மூட்டை 68 கிலோ, மொத்தம் எவ்வளவு? அவன் தன்ர முறையில செய்தான், நாலால பெருக்க 272, மூண்டால பெருக்க 204, கூட்டி 476 கிலோ எண்டான். சரி, 2025 இல அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு அறிவிச்ச விலை கிலோ 120 ரூபா, உன்ர கணக்கை நம்பி நான் யாவாரிக்குக் குடுத்தா என்ன ஆகும் எண்டு கேட்டன். உண்மையில நெல்லு 2312 கிலோ. 1836 கிலோ யாவாரிக்கு சும்மா போகுது, காசில 220,320 ரூபா. பெடியனுக்கு கண் பிதுங்கீட்டுது. "மூண்டால பெருக்க 204தானே சித்தி" எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டான். அங்கதான் விசயம் கிடக்கு, மூண்டால ஆர் பெருக்கச் சொன்னது? வாயால சொல்லடா அந்த எண்ணை எண்டன். முப்பத்து நாலு எண்டான். முப்பது எண்டு உன்ர வாயே சொல்லுதே, பேந்தென்ன மூண்டு? எங்கட தமிழில எண்ணைச் சொல்லேக்கயே அது பிரிஞ்சுதான் வருது, முப்பதும் நாலும், அறுபதும் எட்டும், ஆனா கொப்பியில எழுதினவுடன மூண்டு நாலு எண்டு உதிரி உதிரியா வாசிக்கப் பழக்கி விடுறம்.

என்ர கதையையும் கொஞ்சம் சொல்லோணும். 2009 இல நான் பத்து வயசு, கணக்குப் படிக்கிற வயசில சண்டைக்குப் பயந்து ஊர் ஊரா ஓடினதில கொப்பியும் இல்லை பள்ளிக்கூடமும் இல்லை, கடைசியா செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில கொட்டிலுக்குள்ள வச்சுத்தான் ஒரு ரீச்சர் இந்தப் பெருக்கலைச் சொல்லித் தந்தவ, அவவும் எங்களைப்போல இடம்பெயர்ந்து வந்தவ. பலகை இல்லை. தடியால மண்ணில நீள்சதுரமா ஒரு வயல் கீறினவ. ஒரு பக்கம் 68, மற்றப் பக்கம் 34. பேந்து குறுக்க ஒண்டு நெடுக்க ஒண்டா ரெண்டு வரம்பு போட்டவ, 68 பக்கம் 60உம் 8உமாப் பிரியும், 34 பக்கம் 30உம் 4உமாப் பிரியும், இப்ப நாலு துண்டு வயல். முப்பதுக்கு அறுபது 1800, முப்பதுக்கு எட்டு 240, நாலுக்கு அறுபது 240, நாலுக்கு எட்டு 32. எல்லாத்தையும் கூட்டினா 2312. (எண்கள் இதேதானோ எண்டு கேக்காதேங்கோ, வரம்பு மட்டும் நல்லா ஞாபகம்.) அதுக்குப் பிறகு பாருங்கோ, நாலுப் பக்கத்து ரெண்டு துண்டும் சேர்ந்தா 272, அதுதான் நாங்கள் கொப்பியில எழுதுற முதல் வரி. முப்பதுப் பக்கத்து ரெண்டும் சேர்ந்தா 2040, அதுதான் ரெண்டாவது வரி. அந்தப் பூச்சியம் ஆரும் போட்டதில்லை, முப்பதில இருந்து தானா வந்தது. புள்ளடி போட்டாலும் சரி, வெறுமையா விட்டாலும் சரி, அந்த இடத்தில இருக்கிறது பூச்சியம்தான் எண்டு தெரிஞ்ச பிள்ளைக்கு எல்லாம் ஒண்டுதான்.

எங்கட அப்பா சங்கக்கடையில கணக்கெழுதினவர், அவருக்கு ஒன்பது தள்ளிச் சரிபாக்கிறதில பெரிய நம்பிக்கை. இலக்கங்களைக் கூட்டி ஒரு இலக்கமாக்கிறது, 68 எண்டா 14, பேந்து 5. 34 எண்டா 7. அஞ்சேழு 35, அது 8. விடை 2312ஐக் கூட்டினாலும் 8, ஆகவே சரி எண்டுவார். ஆனா பெறாமகன்ர பிழையான 476ஐயும் கூட்டிப் பாருங்கோ, 17, அதுவும் 8! அப்பா கொஞ்ச நேரம் கதைக்கேல்லை. 204க்குப் பின்னால பூச்சியம் இருந்தாலும் இல்லாட்டியும் இலக்கங்களின்ர கூட்டுத்தொகை மாறாது, அதால இந்தப் பிழையை அந்த முறை கண்டுபிடிக்கவே மாட்டுது. இதைப் பிடிக்கிறது ஒரு சின்ன வேலைதான், தொடங்க முதலே மதிப்புச் சொல்லுறது. 68 கிட்டத்தட்ட 70, 34 கிட்டத்தட்ட 30, எழுமூண்டு இருபத்தொண்டு, 2100க்குக் கிட்ட வரோணும். 476 வந்தா எங்கயோ பிழை எண்டு பிள்ளையே பிடிச்சிடும், சிவப்புப் பேனை தேவையில்லை.

நடுவில பூச்சியம் வந்தா அடுத்த சில்லெடுப்பு. 408 × 305 குடுத்துப் பாருங்கோ, பாதிப் பேர் முதல் வரி 2040 எண்டு சரியா எழுதிப்போட்டு ரெண்டாவது வரிக்கு 12240 எண்டு ஒரு பூச்சியத்தோட எழுதி 14280 எண்டு முடிப்பினம். அந்த 3 முந்நூறு, ரெண்டு பூச்சியம் வரோணும், 122400, சரியான விடை 124440. நானூறு முந்நூறு எவ்வளவு எண்டு முதலே கேட்டிருந்தா ஒரு லட்சத்து இருபதாயிரம் எண்டு வந்திருக்கும்.

இன்னொண்டு. மூண்டு இலக்க எண்ணை மூண்டு இலக்க எண்ணால பெருக்கினா 9 தரம் வாய்ப்பாடு சொல்ல வேணும், நாலு இலக்க எண்ணை மூண்டு இலக்க எண்ணால எண்டா 12 தரம், அதோட கையில வச்சதைக் கூட்டோணும், பேந்து மூண்டு வரியையும் கூட்டோணும். இவ்வளவு இடத்தில ஒண்டு சறுக்கினாலும் முழுப் புள்ளடி எண்டா பிள்ளைக்கு என்ன விளங்கும், எங்க சறுக்கினது எண்டு ஒரு வட்டம் போட்டுக் காட்டினாக் காணாதோ. 20 கணக்கு வேண்டாம், அஞ்சு காணும், அதையும் கட்டம் போட்ட கொப்பியில, ஒரு கட்டத்துக்கு ஒரு இலக்கம் எண்டு எழுத விடுங்கோ, லைன் கொப்பியில இலக்கம் சரிஞ்சு சரிஞ்சு போய் நூறு பத்தோட கூடிப்போகுது.

போனில கல்குலேட்டர் இருக்கே எண்டு சொல்லுற தாய் தகப்பன்மாரும் இருக்கினம். ஓ.எல் கணக்குச் சோதினைக்கு அதைக் கொண்டுபோகேலாது, மடக்கை அட்டவணைதான் தருவினம். அதை விடுங்கோ, போனில ஒரு இலக்கம் மாறி அமத்தினாலும் அது ஒரு விடை சொல்லும்தானே.

உங்கட பேப்பரில புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் போடேக்க ஒரு உதவி செய்யுங்கோ. பெருக்கல் வாற இடத்தில விடைக்கு மேல இன்னொரு சின்னக் கோடு விடுங்கோ, "கிட்டத்தட்ட எவ்வளவு?" எண்டு போட்டு. மை ஒண்டும் பெரிசா முடியாது.

இப்படிக்கு,
மாங்குளத்தில இருந்து ஒரு சித்தி