கொலம்பஸிலிருந்து சேகருக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. பழனி வீட்டை விற்க மூன்று தங்கைகளும் கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டார்கள் என்று படித்ததும் எனக்கே மூச்சு வந்த மாதிரி இருந்தது. அப்பா உயில் எழுதாமல் போன வீட்டில் இது சாதாரண காரியம் இல்லை. அதைவிடப் பெரிய செய்தி, உன் பையன் கார்த்திக் இந்த ஊருக்கே வேலைக்கு வருவது. உன் மருமகளிடம் சொல்லு, இங்கே ஒரு பெரியப்பா வீடு இருக்கிறது, முதல் மாதம் சமைக்கவே வேண்டாம்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். "என் பங்குப் பணத்தை அனுப்பிவிடுகிறேன், வந்ததும் ஒரு வீட்டை வாங்கிப் போடட்டும், வாடகைக்கு எதற்குக் கொட்டவேண்டும்?" என்கிறாய். என் பதில்: வேண்டாம்டா. இரண்டு வருஷமாவது வாடகைக்கு இருக்கட்டும். ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன். நீ கணக்கு வாத்தியார், சும்மா சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாய்.

கொலம்பஸ் என்றதும் ஒஹையோ மாநிலத்துப் பெரிய நகரத்தை நினைத்துக்கொள்ளாதே. இது இந்தியானா. இண்டியானாபொலிஸுக்குத் தெற்கே முக்கால் மணி நேரம், சுமார் 50,000 பேர் வாழும் ஊர், ஊரைத் தாண்டினால் சோளமும் சோயாவும்தான். 1919-இல் இங்கே தொடங்கிய கம்மின்ஸ் டீசல் எஞ்சின் கம்பெனிதான் ஊரின் முதுகெலும்பு. நம் ஆட்கள் இங்கே இத்தனை பேர் இருப்பதும் அதனால்தான். கம்மின்ஸின் இந்தியக் கம்பெனி இருக்கிற புனேயிலிருந்து வந்தவர்கள் ஒரு தெருவுக்கு நாலு வீடு. கட்டடக்கலை படித்தவர்கள் இந்த ஊரைப் பார்க்கவே உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். எலியல் சாரினென் 1942-இல் கட்டிய தேவாலயம், ஐ. எம். பெய் வடிவமைத்த நூலகம் எல்லாம் இங்கேதான். அதைப் பார்த்துவிட்டு வீடும் அப்படி இருக்கும் என்று கார்த்திக் நினைத்தால் ஏமாந்துபோவான். நாங்கள் எல்லாரும் குடியிருப்பது பிளாஸ்டிக் பலகை அடித்த, ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகளில்தான்.

இந்த ஊரில் வாங்க ஆள் இருக்கிறது, கடன் கொடுக்க வங்கியும் இருக்கிறது. விற்கத்தான் ஆள் இல்லை. காரணம் வட்டி. இங்கே வீட்டுக் கடனுக்கு 30 வருஷத்துக்கும் ஒரே வட்டி, நம் ஊர் மாதிரி ரிசர்வ் வங்கி அசைந்தால் மாதத் தவணை அசைகிற கதை இல்லை. 2021 ஜனவரியில் சராசரி வட்டி 2.65 சதவீதம் வரை இறங்கியது. ஊரே ஓடிப்போய்ப் பழைய கடனைப் புதுக் கடனாக மாற்றிக்கொண்டது, நானும்தான். 2023 அக்டோபரில் அதே வட்டி 7.79. நீயே போட்டுப் பார்: 2.5 லட்சம் டாலர் கடனுக்கு 2.75 சதவீதத்தில் மாதம் சுமார் 1,020 டாலர், 7 சதவீதத்தில் சுமார் 1,660. வீட்டை விற்றால் பழைய கடனை அடைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் புது வட்டியில்தான் கடன் வாங்கவேண்டும். இப்போது சொல்லு, குறைந்த வட்டியில் உட்கார்ந்திருக்கிறவன் எதற்கு எழுந்திருப்பான்?

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள். நாலு படுக்கையறை, பிள்ளைகள் இருவரும் போய்விட்டார்கள், நானும் செல்வியும் கீழே இரண்டு அறையில் புழங்குகிறோம். விற்றுவிட்டு சிக்காகோவில் மகள் பக்கத்தில் போகலாம் என்று செல்வி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். இதில் பாதி அளவு வீட்டுக்கு அங்கே இதைவிட அதிகத் தவணை கட்டவேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். தெருவில் எங்களைப் போல நாலைந்து வீடு. இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு சின்ன அபார்ட்மென்டில் இடிபடுகிறவர்களுக்கு வேண்டிய வீடுகளில் வயதான ஜோடிகள் காவல் காக்கிறோம்.

அப்படியானால் வீடு எப்படித்தான் கைக்கு வருகிறது? ஒன்று, கம்பெனி வேறு ஊருக்கு மாற்றினால் வரும். அதுவும் பள்ளி முடிகிற கோடையை ஒட்டி. குளிர்காலத்தில் யாரும் அசைய மாட்டார்கள். மற்றொன்று சாவு.

போன இலையுதிர் காலத்தில் ஊருக்கு வெளியே ஒரு பாட்டியின் வீடு ஏலத்துக்கு வந்தது, பார்க்கப் போயிருந்தேன். வீட்டு முற்றத்துப் புல்லில் நீள நீளமாக மேசைகள். தக்காளியும் பீன்ஸும் போட்டு வைக்கிற கண்ணாடி ஜாடிகள், கையால் தைத்த போர்வைகள், கணவரின் ஸ்பானர்கள், சர்ச்சில் வாங்கிய சமையல் புத்தகங்கள், எல்லாம் அட்டைப்பெட்டியில். ஏலக்காரர் ஒரு டிரெய்லர் வண்டி மேல் ஏறி மூச்சு விடாமல் பாடுகிற மாதிரி விலை சொல்கிறார். ஒரு பெட்டி ஜாடி ஒரு டாலர். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் தனக்கு வேண்டாத தையல் மெஷினைக்கூட நல்ல விலை கொடுத்து எடுத்தார். "என் அம்மாவுக்குப் பாட்டி அதில்தான் பாவாடை தைத்துக் கொடுப்பாள்" என்றார். மத்தியானம் வீடு. அன்றே பத்து சதவீதம், மீதி ஒரு மாதத்துக்குள், ஓட்டை ஒழுகல் எதுவானாலும் உள்ளது உள்ளபடி. பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பாட்டியின் பிள்ளைகள் மூன்று பேரும் மூன்று மாநிலத்திலிருந்து வந்து ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். உன் தங்கைகள் ஞாபகம் வந்தது.

சாதாரண விற்பனை இவ்வளவு வேகம் இல்லை. 2024 ஆகஸ்டிலிருந்து ஏஜென்டோடு வீடு பார்க்கப் போகும் முன்பே அவருக்கு எவ்வளவு கமிஷன் என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். விலை பேசி அட்வான்ஸ் கொடுத்தபின் இன்ஸ்பெக்டர் வருவார். இந்த ஆள்தான் முக்கியம். கூரையில் ஏறுவார், டார்ச்சோடு வீட்டுக்கு அடியில் தவழ்வார், பேஸ்மென்ட் குழியில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பம்ப் தானாக ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். மண்ணிலிருந்து கசியும், நுரையீரல் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ரேடான் வாயுவை அளக்க ஒரு சின்னக் கருவியை இரண்டு நாள் வைத்துவிட்டுப் போவார். அளவு லிட்டர் காற்றுக்கு 4 பிக்கோகியூரியைத் தாண்டினால் குழாயும் விசிறியும் போட்டுக் கூரைக்கு மேலே வெளியேற்றவேண்டும், அந்தச் செலவு யாருடையது என்று அடுத்த பேரம். 2008 ஜூனில் வந்த வெள்ளத்தில் இந்த ஊர் ஆஸ்பத்திரியே மூழ்கி நோயாளிகளை வெளியேற்றினார்கள். அதனால் ஓடைப் பக்கத்து வீடு என்றால் வெள்ள வரைபடத்தை முதலில் பார்க்கச் சொல். அதில் வெள்ள அபாயப் பகுதிக்குள் இருந்தால் வெள்ளக் காப்பீடு இல்லாமல் வங்கி கடன் தராது.

நம் ஆட்கள் வரைபடத்தை விட்டுவிட்டுக் கிழக்குப் பார்த்த வாசலா என்று போன் திசைகாட்டியை வைத்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு வாஸ்துவில் சண்டை இல்லை. ஆனால் இங்கே தெற்குப் பார்த்த வாசல்தான் புண்ணியம். வடக்குப் பார்த்த வீட்டில் கார் ஏறும் பாதையில் வெயிலே விழாது, ஐஸ் நாள் கணக்கில் கிடக்கும், உப்பைக் கொட்டி மண்வெட்டியோடு மல்லுக்கு நிற்கவேண்டும்.

அப்புறம் வங்கியின் மதிப்பீட்டாளர். பக்கத்தில் அண்மையில் விற்ற இதே மாதிரி மூன்று வீடுகளை வைத்துத்தான் விலை போடுவார். பெரிய நகரத்தில் அது சுலபம். இங்கே விற்றதே சொற்பம், அதிலும் கொஞ்சம் வித்தியாசமான வீடு என்றால் ஒப்பிட எதுவும் கிடைக்காது. நீ 3 லட்சம் பேசியிருக்க, அவர் 2.8 என்று எழுதினால் அந்த 20,000 உன் கையிலிருந்து போகும், இல்லையென்றால் மறுபடி பேரம். பத்திர வேலை மட்டும் சுகம். வில்லங்கம் பார்ப்பது, பணத்தைக் கைமாற்றுவது, பதிவு எல்லாமே டைட்டில் கம்பெனி பார்த்துக்கொள்ளும். ஒரு மேசையில் உட்கார்ந்து கை வலிக்கக் கையெழுத்துப் போட்டால் சாவி. நம் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்து வெயிலை நினைத்தால் பொறாமையாக இருக்கும் உனக்கு.

இப்போது கார்த்திக் கணக்கு. இந்தக் கம்பெனி ஊர்களில் பையன்களை மூன்று நாலு வருஷத்தில் இடம் மாற்றுவது சகஜம். வாங்கும்போது வங்கிச் செலவு, டைட்டில் செலவு. விற்கும்போது ஏஜென்ட் கமிஷன் மட்டுமே சுலபமாக 5 சதவீதத்தைத் தொடும். முதல் மூன்று வருஷத் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது, அசல் குறைவதே தெரியாது. சரி, போகும்போது வாடகைக்கு விடலாம் என்பான். இந்தியானாவில் சொத்து வரிக்கு உச்சவரம்பு உண்டு: தானே குடியிருந்தால் வீட்டு மதிப்பில் 1 சதவீதம், வாடகைக்கு விட்டால் 2 சதவீதம். அந்தக் கணக்கும் உதைக்கும்.

பணம் அனுப்புவதிலும் ஒரு விஷயம். அது கடன் இல்லை, திருப்பிக் கேட்க மாட்டேன் என்று நீ எழுதிக் கொடுக்காமல் வங்கி அதை முன்பணமாக ஏற்காது. அப்படி எழுதிக் கொடுக்க உனக்கு மனசு இருக்கலாம். நீ ஓய்வு பெறப் போகிற வருஷத்தில் அதைச் செய்யாதே என்பது என் எண்ணம். பழனிப் பணம் முதலில் உனக்கும் உன் மனைவிக்கும்.

வடக்குப் பக்கம் நடந்து போகிற தூரத்தில் ஒரு அபார்ட்மென்ட் பார்த்து வைக்கிறேன். எங்கள் மாடியறை காலியாகத்தான் கிடக்கிறது, அபார்ட்மென்ட் கிடைக்கும்வரை அங்கேயே தங்கட்டும். செல்வி இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "பேசாமல் நம் வீட்டையே கார்த்திக்குக்கு விற்றுவிட்டு சிக்காகோ போகலாமே" என்கிறாள். அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

பதிவுத் தேதி முடிவானதும் எழுது. கார்த்திக்கின் விமான விவரத்தையும் அனுப்பு, இண்டியானாபொலிஸுக்கு நானே வண்டி எடுத்துக்கொண்டு போகிறேன். வரும்போது கால் கிலோ சுண்டைக்காய் வற்றல் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
ராமு