வாசலில் சூப் வைத்தவருக்கு

2021 நவம்பர் 26 இரவு அர்வென் புயல் வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தைப் புரட்டிப்போட்டபோது எங்கள் சிற்றூரில் மின்சாரம் போனது, கைபேசியும் ஊமையானது. மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தால் வாசற்படியில் ஒரு பிளாஸ்க். உள்ளே சூடாக உருளைக்கிழங்கு சூப். மூடியில் ரப்பர் பேண்டு போட்டுச் செருகிய சீட்டு: "ஊர் மண்டபத்தில் கேஸ் அடுப்பு எரிகிறது. வெந்நீர்ப் பையோடு வாருங்கள்." பெயர் இல்லை. பனியில் பூட்ஸ் தடம் மட்டும் அடுத்த வீட்டுக்குப் போயிருந்தது.

ஐந்தாண்டுகளாகத் தலையசைப்போடு நிறுத்திக்கொண்ட எதிர்வீட்டுப் பாட்டியுடன் அந்த மண்டபத்தில்தான் முதன்முதலாக உட்கார்ந்து பேசினேன். (அவருக்குக் காது மந்தம், நான் திமிர் என்றல்லவா நினைத்திருந்தேன்!)

நீங்கள் யாரோ, மிக்க நன்றி. பிளாஸ்கைக் கழுவி மண்டப ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். மூடியில் உள்ள கீறல் முன்பே இருந்தது.