எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு 176: எந்தச் சேனலாவது சொன்னதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சில நாட்களுக்கு முன் ஒரு செய்திச் சேனலில் இரவு விவாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு எங்கெங்கோ சுற்றி, எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போடும் 2027 குடியரசுத் தலைவர் தேர்தலில் வந்து நின்றது. "கட்சி சொன்ன ஆளுக்கு ஓட்டுப் போடலைன்னா பதவி போயிடுமே" என்று நெறியாளர் அடித்துச் சொன்னார். சுற்றி நாலு கட்சிக்காரர்கள், கூடவே ஒரு 'அரசியல் விமர்சகர்'. ஒருவரும் மறுக்கவில்லை. இந்தத் தேர்தலில் கட்சிகள் கொறடா உத்தரவே (இன்னாருக்குத்தான் போட வேண்டும் என்ற கட்சிக் கட்டளை) போட முடியாது, நடப்பது ரகசிய வாக்கெடுப்பு, மாற்றிப் போட்டாலும் கட்சித் தாவல் தடைச் சட்டம் பாயாது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது தெரியாதா, இல்லை நம்ம எம்.எல்.ஏ.க்கள் கொஞ்சம் பயத்தோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்களா? எனக்கென்னவோ இரண்டாவதுதான் என்று படுகிறது.

1969-இல் வி.வி.கிரி ஜெயித்ததே கட்சிக் கட்டுப்பாட்டை மீறி விழுந்த ஓட்டுகளால்தான். காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. இந்திரா காந்தியோ மனசாட்சிப்படி போடுங்கள் என்று சொல்லிவிட்டார், தி.மு.க.வும் கிரி பக்கம் நின்றது, வேட்பாளர்களை 1, 2 என்று வரிசைப்படுத்திப் போடும் இந்த ஓட்டில் முதல் விருப்பத்தில் முடிவு வராமல் இரண்டாவது விருப்ப ஓட்டு வரை எண்ண வேண்டியதாகி, அந்த வருடமே காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. கட்சித் தாவல் சட்டம் வந்தது 1985-இல். அதற்குப் பிறகும் இந்தத் தேர்தலுக்கு அது பொருந்தவில்லை.

சரி, பழைய கதையை விடுங்கள். 2022 ஜூலையில் திரௌபதி முர்மு ஆதரவு கேட்டுச் சென்னைக்கு வந்தாரே, அன்றைக்கு நம் சேனல்கள் என்ன காட்டின? எடப்பாடி பழனிசாமி எப்போது மேடையேறினார், ஓ.பன்னீர்செல்வம் எவ்வளவு நேரம் காத்திருந்தார், அவர் போன பிறகுதான் இவர் வந்தாரா, இரண்டு பேரும் எதிரெதிரே பார்த்துக்கொண்டார்களா. அ.தி.மு.க. சண்டை உச்சத்தில் இருந்த நேரம், அது செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் நாட்டின் முதல் குடிமகனைத் தேர்ந்தெடுக்க நம் 234 பேரும் ஓட்டுப் போடப் போகிறார்களே, அந்த ஓட்டு எப்படிக் கணக்காகிறது என்று சொல்ல ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மாநில மக்கள்தொகையை எம்.எல்.ஏ. எண்ணிக்கையால் வகுத்து, அதை மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் ஒரு எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு வரும். தமிழ்நாட்டுக்கு 176, உத்தரப் பிரதேசத்துக்கு 208, சிக்கிமுக்கு வெறும் 7. நம் சட்டசபை மொத்தமும் சேர்ந்தால் 41,184. முக்கியமான சங்கதி என்னவென்றால், இதில் எடுக்கும் மக்கள்தொகை இன்றையது இல்லை, 1971 கணக்கெடுப்பில் வந்த ஏறக்குறைய 4 கோடியே 12 லட்சம். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் அதற்காகவே நஷ்டப்படக் கூடாது என்றுதான் 1976-இல் அந்த எண்ணைப் பிடித்து நிறுத்தினார்கள். 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு விவரம் வெளியானால் அந்தப் பூட்டு திறந்துவிடும். அப்போது மற்ற மாநிலங்களோடு ஒப்பிட நம் பங்கு குறையும்.

மக்கள்தொகைப்படி தொகுதிகளை மாற்றிப் பிரிக்கும் தொகுதி மறுவரையறை பற்றி 2025 மார்ச்சில் அனைத்துக் கட்சிக் கூட்டம் நடந்தபோது சேனல்கள் நாள்கணக்கில் விவாதம் நடத்தின. நானும் முடிந்தவரை பார்த்தேன். பேச்செல்லாம் எத்தனை எம்.பி. குறையும் என்பதோடு நின்றது. அதே 1971-தான் குடியரசுத் தலைவர் தேர்தலில் நம் எடையையும் தீர்மானிக்கிறது என்று நான் பார்த்த எந்த விவாதத்திலும் யாரும் வாய் திறக்கவில்லை.

காரணம் என்ன என்று பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. இங்கே கட்சிக்கொரு சேனல் வைத்து வளர்ந்த பழக்கம். ஜெயா டி.வி. 1999, கலைஞர் டி.வி. 2007, கேப்டன் டி.வி. 2010. அப்புறம் கட்சி சாராத செய்திச் சேனல்கள் வந்தன, ஆனால் அவையும் கட்சிக்கு ஒருவர் என்று நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு அதையே நடுநிலை என்கின்றன. அந்த நாற்காலியில் இருப்பவருக்குக் கேள்வி எதுவானாலும் பதில் ஒன்றுதான்: நீ டெல்லிக்கு அடிமை, நீ துரோகி. 2002-இல் அப்துல் கலாமுக்கு தி.மு.க., அ.தி.மு.க. இரண்டுமே ஓட்டுப் போட்டன. எதிரே இடதுசாரிகள் நிறுத்தியவர் சென்னையில் மருத்துவம் படித்த லட்சுமி சேகல். இன்றைய விவாத மேடையில் அந்தத் தேர்தல் நடந்திருந்தால் யாரை அடிமை என்று திட்டியிருப்பார்கள், எனக்குப் புரியவே இல்லை!

ஓட்டு எண்ணும் நாள் கூத்து தனி. முதலில் எம்.பி.க்கள் ஓட்டு, பிறகு ஆங்கில அகரவரிசைப்படி மாநிலங்கள் என்றுதான் எண்ணுகிறார்கள். அதற்குப் போய் இடைத்தேர்தல் மாதிரி 'முன்னிலை' என்று சிவப்புப் பட்டை ஓடுகிறது.

2027 ஜூலைக்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும். சேனல்களைத் திருத்துவது உங்கள் வேலையும் இல்லை, என் வேலையும் இல்லை. உங்கள் பத்திரிகையிலாவது அந்த வகுத்தல் கணக்கை ஒரு அரைப் பக்கத்துக்குப் படத்தோடு போடுங்கள், பக்கத்திலேயே 1971 எண்ணையும் 2011 எண்ணையும் போடுங்கள். யாருக்கு ஆதரவு என்ற செய்தியை அதற்குக் கீழே வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்