காக்கையும் கப்பலில் வந்தது

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள நண்பா,

வணக்கம். இரவில் வீட்டுப் பின்புறம் ஆந்தை அலறுவதாகவும், துர்க்குறி என்று மருமகள் அஞ்சுவதாகவும் எழுதியிருந்தாய். மலாய்க்காரர்களும் ஆந்தையைப் பூரோங் ஹந்து, அதாவது பேய்ப்பறவை, என்றே அழைக்கிறார்கள். ஆனால் எலி பிடிக்கிறது என்பதற்காகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் அதற்குக் கம்பத்தின்மேல் கூடு கட்டிக் கொடுத்திருப்பதை மருமகளுக்குக் காட்டு.

என் மனம் முழுவதும் காக்கையிடம் இருக்கிறது. சென்ற அமாவாசையன்று அம்மாவுக்குப் படைத்துவிட்டுப் பால்கனிச் சுவரில் சோறு வைத்தேன். ஒரு காக்கை வந்து, சாம்பல் கழுத்தைச் சாய்த்து என்னை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, தொண்டை புடைக்கப் பருக்கைகளை அள்ளிக்கொண்டு எதிரிலிருந்த அங்சானா மரத்துக்குப் பறந்தது. அங்கே சிறகு படபடக்க வாய் பிளந்து காத்திருந்தது குயில் குஞ்சு. அம்மாவுக்கு வைத்த சோறு அதன் வாய்க்குள் போவதைப் பார்த்தபடியே நின்றேன்.

முன்னோர் வடிவமென்று நாம் சோறிடும் இந்தச் சாம்பல் கழுத்துக் காக்கை இந்நாட்டுப் பறவையன்று. தொன்றுதொட்டு இங்கிருப்பது அண்டங்காக்கை. காப்பித் தோட்டங்களை அழித்த புழுக்களைத் தின்பதற்காக, 1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், இலங்கையிலிருந்து இதைக் கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். காப்பி போய் ரப்பர் வந்தது, காக்கை தங்கிவிட்டது. நம் பாட்டன்மாரைப் போலவே அதுவும் தோட்ட வேலைக்காகக் கடல் தாண்டி வந்ததுதான். முன்பு வலசைக் காலத்தில் மட்டும் வந்துபோன குயிலும், முட்டையிடக் காக்கைக் கூடு கிடைத்த பிறகு, இங்கேயே குடியிருந்து குஞ்சு பொரிக்கத் தொடங்கியது.

தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் காக்கை கரைந்தால், ஊரிலிருந்து கடிதம் வருமென்று பாட்டி தபால்காரரை எதிர்பார்த்து நிற்பார், நினைவிருக்கிறதா? காக்கை கரைந்தால் விருந்து வரும் என்ற அந்த நம்பிக்கையைப் பாடித்தான் சங்க காலத்துப் பெண்பாற் புலவர் ஒருவர் காக்கைபாடினியார் என்று பெயர் பெற்றார். பாட்டி அந்த நம்பிக்கையோடு கப்பலேறி வந்தபோது, அதற்குரிய பறவையும் அதே கடலைத் தாண்டி வந்திருந்தது என்பதை எண்ணும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

இப்போது சில நகரங்களில் தொல்லையென்று காக்கைகளைச் சுடுகிறார்கள். அவை குப்பையைக் கிளறுவதும் மற்றப் பறவைகளின் கூட்டைச் சூறையாடுவதும் உண்மைதான். ஆயினும், வேலைக்கென்று நாமே அழைத்துவந்த உயிரைச் சுடுவதை என் மனம் ஏற்கவில்லை.

உன் வீட்டுப் பக்கம் வருகிற காக்கைக்குக் கழுத்துச் சாம்பலா, முழுக் கறுப்பா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
உன் நண்பன்