புள்ளி இருக்கும் இடத்தில் கட்டு

அன்பு மகளுக்கு,

டர்பனில், நம்ம சாட்ஸ்வர்த்தில் எல்லோரும் நலம். அம்மாவுக்குப் புரட்டாசி விரதம், வீட்டில் மரக்கறிதான்.

போனில் உன் குரல் இறங்கியிருந்தது. "இந்தச் சிப்பிலும் ஒரு குவாண்டம் புள்ளிகூடக் கேவிட்டிக்குள் சரியாக விழவில்லை அப்பா" என்றாய். நீ அனுப்பிய கட்டுரைகளை அதற்கப்புறம் உட்கார்ந்து படித்தேன். இத்தனை வருஷம் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன், கொஞ்சம் பிடிபட்டது.

காலியம் ஆர்சனைடின்மேல் இண்டியம் ஆர்சனைடு படியும்போது, இரண்டின் அணு இடைவெளிக்கும் சுமார் 7 சதவீத வித்தியாசம். அந்த இறுக்கம் தாங்காமல் மேல்படலம் தானாகவே 20 நானோமீட்டர் அளவுத் திட்டுகளாகத் திரள்கிறது. அவைதான் உன் ஒளி உமிழும் குவாண்டம் புள்ளிகள். எங்கே திரளும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒளியை அடைத்துவைக்கும் கூடான கேவிட்டியிலோ ஒளி பலமாக நிற்பது ஒரு சின்ன இடத்தில்தான். நூறு நானோமீட்டர் தள்ளிப்போனாலே பலன் போய்விடும். அலைநீளமும் சேர வேண்டும். ஒளியை எவ்வளவு நன்றாக அடைத்துவைக்கிறது என்று சொல்லும் Q எண் 10,000 என்றால், 930 நானோமீட்டரில் கேவிட்டி ஏற்கும் அலைநீள அகலம் 0.1 நானோமீட்டர்கூட இல்லை. புள்ளிகளின் நிறமோ பல நானோமீட்டருக்குப் பரவிக் கிடக்கும். இரண்டும் தற்செயலாகப் பொருந்தட்டும் என்று காத்திருந்தால் சிப் சிப்பாகத்தான் வீணாகும். அது உன் கைப்பிசகு இல்லை, கண்ணு.

முதலில் புள்ளியைக் கண்டுபிடி, அப்புறம் அதைச் சுற்றிக் கேவிட்டியைச் செதுக்கு. 2005-லேயே அப்படிச் செய்து காட்டிவிட்டார்கள். 2008-இல் பிரான்சில், குளிரவைத்த நிலையிலேயே புள்ளியின் ஒளியைப் பார்த்து, அங்கேயே லேசரால் குறித்துத் தூண் கேவிட்டி செய்தார்கள். உன் பேராசிரியரிடம் போய், அந்த வழியில் செய்ய வேண்டும் என்று கேள். தயங்காதே.

கேவிட்டி ஒளி உமிழ்வை விரைவாக்கும் என்று இயற்பியலாளர் பர்செல் எழுதியது 1946-இல், அதுவும் ரேடியோ அலைகளுக்கு. குவாண்டம் புள்ளியில் அதைத் தெளிவாகக் காட்ட 1998 ஆயிற்று. உன் வேலை அந்த வரிசையில் வருகிறது, அதை விட்டுவிடாதே.

2010 உலகக் கோப்பையின்போது நம்ம மோசஸ் மபிடா மைதானத்தில், ஒளித்துகள்களால் ரகசியச் சாவி அனுப்பும் குவாண்டம் குறியாக்கம் வைத்தார்களே, நினைவிருக்கிறதா? அதில் மங்கலாக்கிய லேசர்தான். சில துடிப்புகளில் இரண்டு போட்டான், அதாவது ஒளித்துகள், வந்துவிடும்; ஒட்டுக்கேட்பவன் ஒன்றைத் திருட வழி உண்டு. உன் புள்ளி ஒரு துடிப்புக்கு ஒன்றே ஒன்று தரும். அது எவ்வளவு பெரிய விஷயம்!

வெப்பநிலையைக் கூட்டினால் புள்ளியின் அலைநீளக் கோடு கேவிட்டியின் கோட்டைவிட வேகமாக நகருமாமே. உங்கள் சிப்பில் எத்தனை கெல்வினில் இரண்டும் சேருகின்றன? அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அப்பா