25ஆம் நம்பர் டிராம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "எல்லாம் சரியாக இருக்கிறது அப்பா, அம்மாவிடம் கொடுங்கள்" என்கிறாய். அம்மாவிடம் கொடுத்தால் "எல்லாம் சரியாக இருக்கிறது அம்மா, அப்பா மாத்திரை சாப்பிட்டாரா" என்கிறாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. குறுக்கே பேச ஆள் கிடையாது.

செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கும்பகோணம் வழக்கு மறுபடியும் தள்ளிப்போயிருக்கிறது. அத்தைக்கு வலது கண் ஆபரேஷனும் ஆகிவிட்டது; பார்வை தெளிந்ததிலிருந்து எதிரில் வருகிறவர்களை எல்லாம் "என்ன இப்படி இளைத்துவிட்டாய்" என்று பயமுறுத்திக்கொண்டிருக்கிறாள். மாடி வீட்டு மாமி விஷயத்தில் நீ சொன்னதுதான் நடந்தது, ஆனால் உன் அம்மா அதை ஒப்புக்கொள்ளமாட்டாள். செய்தி அவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்தது டிராமைப் பற்றி. நம் கல்கத்தா டிராமை மூடப்போகிற செய்தி உனக்கும் வந்திருக்கும். 2023 பிப்ரவரியில் 150 ஆண்டு நிறைந்தது என்று மாலை போட்டுக் கொண்டாடினார்கள். 2024 செப்டம்பரில் போக்குவரத்து மந்திரி, எஸ்பிளனேட் - மைதான் தடத்தை மட்டும் பழம்பெருமைக்கு வைத்துக்கொள்கிறோம், மற்றதெல்லாம் நிறுத்தம் என்று சொல்லிவிட்டார். டிராமால் நெரிசல் என்பது அவர்கள் சொல்லும் காரணம். எனக்கு வந்த கோபத்தில் அன்று காப்பி ஆறிப்போனது. உனக்கு நினைவிருக்கும், நீ சிறுமியாக இருந்தபோது பல இடங்களில் சாலையின் நடுவே டிராமுக்கென்று தனித் தடம் இருந்தது. அதில் வேறு வண்டி ஏறாது. பிறகு அதையும் சமப்படுத்தி சிமென்ட் போட்டு ஆட்டோவையும் காரையும் ஏற விட்டார்கள். டிராமில் ஏற வேண்டுமென்றால் ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்ற நிலை வந்தது. வயதானவர்கள் ஏறுவதை விட்டார்கள். ஏற ஆளில்லை, வழியையும் அடைக்கிறது என்று இப்போது டிராமின் மேலேயே பழியைப் போடுகிறார்கள். ஒருவரைச் சுற்றிச் சுற்றி நெருக்கிவிட்டு, ஏன் நீ நகரவில்லை என்று கேட்கிற நியாயம் இது.

நீ அடிக்கடி சொல்வாயே, அப்பாவுக்கு டிராமைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பிரேக் கிடையாது என்று. இருக்கட்டும். நான் 1974இல் இந்த ஊருக்கு வந்தபோது உன் தாத்தா வழியனுப்பிய விதம் உனக்குத் தெரியாது. "போகிறாய், போ. ஆனால் அந்த ஊர் டிராமைப் பார்த்து வாயைப் பிளக்காதே" என்றார். சென்னையில் 1895லேயே மின்சார டிராம் ஓடியது, கல்கத்தாவில் 1902 வரை மின்சாரமே கிடையாது, குதிரைதான் இழுத்துக்கொண்டிருந்தது என்பது அவருடைய பெருமை. அவர் மயிலாப்பூரில் தங்கி வேலை பார்த்த காலத்தில் டிராமில்தான் பாரிமுனைக்குப் போவார். 1953 ஏப்ரலில் அந்தக் கம்பெனி நஷ்டம் என்று சொல்லி நிறுத்தியது. நிறுத்தியது நிறுத்தியதுதான், மறுபடி ஓடவில்லை. அதே 1953 ஜூலையில் இங்கே இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரே ஒரு பைசா ஏற்றினார்கள். அதற்கே ஊர் திரண்டு தெருவில் இறங்கியது, டிராம்களுக்குத் தீ வைத்தார்கள், துப்பாக்கிச் சூடு வரை போனது. டிராமையே கொளுத்திவிட்டு டிராமுக்காகப் போராட இந்த ஊரால்தான் முடியும். தாத்தாவிடம் இதைச் சொன்னபோது நீண்ட நேரம் பேசவே இல்லை. பிறகு, "நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்றார்.

நீ பள்ளிக்குப் போன நாளில், லேக் மார்க்கெட்டிலிருந்து பாலிகஞ்ச் பக்கம் போகிற டிராமில் ஏறி, கரியாஹாட்டில் மாறி, 25ஐப் பிடிப்போம். நீ பார்க் சர்க்கஸில் பள்ளிக்கு இறங்கிவிடுவாய். நான் எலியட் ரோடு, வெலிங்டன் வழியாக எஸ்பிளனேட் வரை போய் டல்ஹௌசிக்கு நடப்பேன். இரண்டு பெட்டி. முன்பெட்டி முதல் வகுப்பு, மின்விசிறி உண்டு. பின்பெட்டியில் கிடையாது. பெண் குழந்தைக்கு வியர்க்கும், முன்பெட்டியில் ஏற்று என்பாள் உன் அம்மா. வாசலில் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வருவோம், நிறுத்தத்தில் நீ என் கையைப் பின்பெட்டிக்கு இழுப்பாய். பின்பெட்டியில் கூட்டத்தோடு பாட்டும் சண்டையும் மீன்கூடையும் இருக்கும். இது அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. தெரிய வேண்டாம்.

கண்டக்டருடைய விரல்களை நீ பார்த்துக்கொண்டே வருவாய். மெல்லிய காகித டிக்கெட்டுகளை ஒவ்வொரு விரலிடுக்கிலும் ஒவ்வொரு விலையாக மடித்துச் செருகியிருப்பார். தோள்பையில் சில்லறை. கையைத் தூக்கிக் கூரையோரம் ஓடும் கயிற்றை இழுத்தால் முன்னால் மணி அடிக்கும். டிரைவர் உட்காரவே மாட்டார்; நின்றபடி பித்தளைக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு, காலால் தரையிலுள்ள மணியை மிதிப்பார். வளைவில், மின்சாரம் வாங்குவதற்காக மேலே இருக்கும் கம்பம் கம்பியை விட்டு நழுவிவிடும். விளக்கு அணையும், வண்டி அப்படியே நின்றுவிடும். கண்டக்டர் இறங்கிப் பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்து, அண்ணாந்து பார்த்துக் கம்பத்தைக் கம்பியில் உட்கார வைக்க முயல்வார். மழைநாளில் நீலப்பொறி பறக்கும். ஒரு முறைக்கு நாலு முறை தவறும். உள்ளே இருக்கிறவர்கள் எல்லாரும் யோசனை சொல்வார்கள், ஒருவரும் இறங்கமாட்டார்கள். "அப்பா, அவருக்கு ஷாக் அடிக்காதா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாய். கயிறு மின்சாரத்தைக் கடத்தாது என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். தண்ணீர் தேங்கினால் கதை வேறு. மோட்டார் தரைக்கு அருகில் இருப்பதால் வண்டி நகராது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வருவோம்.

நீ ஏழாம் வகுப்பில் இருந்தபோது நடந்ததும் உனக்கு நினைவிருக்கும். அன்று பள்ளி விட்டதும் கரியாஹாட் பக்கம் வராமல் எதிர்ப்பக்கம் போகிற டிராமில் ஏறி உட்கார்ந்துவிட்டாய். எஸ்பிளனேடில் எல்லாரும் இறங்கினார்கள், நீ இறங்கவில்லை. கண்டக்டர் வயதானவர், பீகார்க்காரர், நம்மை அடிக்கடி பார்த்திருக்கிறார். ஒன்றும் கேட்காமல் உன்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அதே வண்டியில் கரியாஹாட்டுக்குக் கூட்டிவந்தார். நான் டிப்போ வாசலில் நின்றிருந்தேன். இருட்டிவிட்டது. "அப்பாவைப் பார்த்ததும் அழாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்" என்றார் என்னிடம். நீயும் அழவில்லை. நானும் கேட்கவில்லை. வழியில் உனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான். இரண்டு மூன்று நாள் கழித்து அம்மா தலை வாரும்போது நீயாகவே கணக்கு மார்க்கைச் சொன்னாய். நம் வீட்டில் அப்படித்தான். கேட்டு வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை, கேட்டால் சொல்கிற பழக்கம் உனக்கும் இல்லை.

அதனால் இப்போதும் நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாதான் கேட்கச் சொல்கிறாள். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டால் "ஆபீசில் இருக்கிறார்" என்றாயாம். ஞாயிற்றுக்கிழமை என்ன ஆபீஸ் என்கிறாள். அந்த நாட்டில் அப்படியும் உண்டு என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன். நான் கவனித்தது வேறு. முன்பெல்லாம் பேசும்போது உன் பின்னால் அந்த மஞ்சள் திரையும் புத்தக அலமாரியும் இருக்கும், அலமாரி மேல் நான் அனுப்பிய தகர டிராம் பொம்மை இருக்கும். போன மாதத்திலிருந்து வெறும் வெள்ளைச் சுவர். ஓர் ஆணி அடித்திருக்கிறது, அதில் ஒன்றும் மாட்டவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா அந்தச் சுவரைப் பார்க்கவில்லை, அவளுக்கு உன் முகம் மட்டும்தான் தெரியும். நானும் சொல்லவில்லை.

டிராமுக்கு வருகிறேன். நீ மெல்பர்ன் போன புதிதில் நகரைச் சுற்றி வருகிற அந்தப் பழைய டபிள்யூ வகை டிராமின் படத்தை அனுப்பினாய். "அப்பா, நம் டிராமுக்கு அக்காள் போல் இருக்கிறாள், டிக்கெட்டும் கிடையாது" என்று எழுதியிருந்தாய். அந்தப் படத்தை லேக் மார்க்கெட் பூக்காரரிலிருந்து பல் டாக்டர் வரை எல்லாரிடமும் காட்டினேன். என் பெண் உலகத்திலேயே பெரிய டிராம் ஊரில் வேலை பார்க்கிறாள் என்று சொன்னேன். இரண்டு ஊர் டிராம்காரர்களும் 1996 முதல் உறவு கொண்டாடி, இங்கே வந்து வண்டிக்கு வர்ணம் அடித்துவிட்டுப் போவார்கள், டிராம்ஜாத்ரா என்று. நீ இந்த ஊர், அந்த ஊர் இரண்டுக்கும் பொது என்பதுபோல எனக்கு அதில் ஒரு கர்வம். ஆனால் அங்கே 1998க்குப் பிறகு கண்டக்டர் கிடையாது என்று நீயே சொன்னாய். ஏறி, இயந்திரத்தில் அட்டையைக் காட்டவேண்டியதுதான். எனக்கு அது அன்றைக்கே பிடிக்கவில்லை. கடைசி நிறுத்தம் வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணை யார் கவனிப்பார்கள்? சொல்.

சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு. ராத்திரி டிராமில் தனியாக வராதே, வந்தால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார். தண்டவாளத்தைக் கடக்கும்போது போனைப் பார்க்காதே. நம் ராஷ்பிகாரி அவென்யூவில் 1954இல் ஜீபனானந்த தாஸ் என்கிற பெரிய கவிஞரையே டிராம் இடித்துத் தள்ளி, சில நாளில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உன் அம்மா இதைச் சொல்லிச் சொல்லியே உன்னை வளர்த்தாள். அவளுக்குக் கவிதை தெரியாது, டிராம் தெரியும். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. பணம் வேண்டுமென்றால் சங்கடப்படாமல் கேள். வேற்று ஆள்போல நடந்துகொள்கிறாய் என்று அம்மா வருத்தப்படுகிறாள். எனக்கும் வருத்தம்தான். மூன்று வாரம் பேசாமல் இருந்துவிட்டு "நெட்வொர்க் சரியில்லை" என்பது ஆஸ்திரேலியாவிலிருந்து சொல்கிற காரணமா? ஆனால் உன் வேலையில் நீ வாங்கிய பெயரை அந்த ஊரில் யாரும் கொடுத்துவிடவில்லை, நீயாக வாங்கினாய். அதை யாரும் எடுத்துக்கொள்ளவும் முடியாது. எதற்காகச் சொல்கிறேன் என்று தெரியவில்லை, சொல்லத் தோன்றியது. சாப்பிடு.

உன் அறையில் இருந்த என் ஈஸிசேரையும் பழைய பேப்பர் கட்டுகளையும் எடுத்து வெளியே போட்டுவிட்டேன். மின்விசிறி சத்தம் போட்டது, ஆள் கூப்பிட்டுச் சரிசெய்தாகிவிட்டது. எதற்கு இப்போது என்று அம்மா கேட்டாள். டிராமைப் பார்க்கக் குழந்தை வந்தாலும் வருவாள் என்றேன். டிராம் வழக்கு நடப்பதாலோ என்னவோ 25 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, எத்தனை நாள் ஓடும் என்று சொல்ல முடியாது. போன வாரம் கரியாஹாட் டிப்போவுக்குப் போய் நேரம் விசாரித்தேன். காலையில் வந்தால் உட்கார இடம் கிடைக்குமாம். லீவு கிடைக்காது என்று சொல்லாதே. லீவு போட்டுவிட்டு வா. எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு, ஊர் என்ன சொல்லும், அத்தை என்ன சொல்வாள் என்பதையெல்லாம் என்னிடம் விடு. அத்தை எப்படியும் இளைத்துவிட்டாய் என்றுதான் சொல்வாள்.

விமான டிக்கெட்டை நான் இங்கிருந்தே எடுத்துவிடுகிறேன், வங்கியில் பேசிவிட்டேன். தேதியை எழுது. ஒரு டிக்கெட்டா, இரண்டா என்பதையும் எழுது. எதுவானாலும் சரி.

அன்புடன்,
அப்பா