குளிர் காலம்: வீட்ல ஹீட்டர் போடுறவங்க கவனத்துக்கு

எல்லாருக்கும் வணக்கம். குளிர் ஆரம்பிச்சாச்சு, ஸ்வெட்டர் மஃப்ளர் எல்லாம் யாரும் சொல்லாமயே எடுத்துருவீங்க, அத விடுங்க. நான் சொல்ல வந்தது மூடின ரூம்ல நெருப்பு வைக்கிறத பத்தி. கரி அடுப்பு, கேஸ் ஹீட்டர், கேஸ் கீசர் இதெல்லாம் காத்து போக வழியில்லாத இடத்துல எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது, ரத்தத்துல ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்துல அதவிட 200 மடங்குக்கு மேல கெட்டியா இது போய் ஒட்டிக்கும், அதான் தூங்குறவங்க முழிக்காமயே போயிடுறாங்க. வீட்ல ரெண்டு மூணு பேருக்கு ஒரே நேரத்துல தலைவலி, தலைசுத்தல், குமட்டல்னா சளி காய்ச்சல்னு நினைச்சு மாத்திரை போட்டு படுக்காதீங்க, முதல்ல எல்லாரும் வெளிய வாங்க, அப்புறம் ஆம்புலன்ஸ கூப்பிடுங்க. கரி சாம்பல் பூத்து அணைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் உள்ள கனன்னுட்டுதான் இருக்கும், அப்பவும் இந்த கேஸ் வரும்.

கரன்ட் ஹீட்டர்ல இந்த தொல்லை இல்ல, ஆனா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகாதீங்க, நேரா சுவர் பிளக்லதான். திரை, மெத்தை எல்லாம் 1 மீட்டராவது தள்ளி இருக்கணும். ஈரத்துணிய அது மேல காயப்போடுற புண்ணியவான்கள் இந்த குரூப்லயே இருக்கீங்க, பேர் சொல்லல 😄 தூங்கும்போது ஆஃப்.

வயசானவங்க, கைக்குழந்தை இருக்குற வீட்ல ரூம் 18 டிகிரிக்கு கீழ இறங்காம பாத்துக்கோங்க. வயசானவங்களுக்கு சில நேரம் குளிருதுன்னே தெரியாது, நடுக்கம் நின்னு பேச்சு குழறி தூக்கக்கலக்கமா இருந்தா அது ஆபத்து, லேட் பண்ணாம ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க. தனியா இருக்குற சொந்தக்காரங்களுக்கும் இத ஃபார்வர்ட் பண்ணிடுங்க, முடிஞ்சா தினம் ஒரு போன் போடுங்க.